வால் சேர்த்த இங்கிலீஷ்

எங்கள் வீட்டில் யாரும் "போறேன்" என்று சொல்லக்கூடாது. "போயிட்டு வாறேன்" என்றுதான் சொல்ல வேண்டும். இது எல்லாத் தமிழர் வீட்டிலும் உள்ளதுதானே என்பீர்கள். இருக்கலாம். ஆனால் அதை எங்கள் அம்மாவைப் போல் காவல் காத்த மனுஷியை நான் இன்றுவரை பார்த்ததில்லை. இடுப்பில் குடத்தை வைத்துக்கொண்டு "தண்ணி எடுக்கப் போறேன்" என்று சொன்னால்கூட அடுக்களைக்குள்ளிருந்து குரல் வரும். "ஏட்டி, மிச்சத்தையும் சொல்லு!"

கிளம்பி நிற்கிறவரிடம் "எங்கே போகிறாய்" என்று கேட்பதும் அப்படித்தான். கேட்டால் போகிற காரியம் விளங்காது. கேட்டே தீர வேண்டும் என்றால் "தூரமோ?" என்று பட்டும் படாமலும் கேட்டுக்கொள்ளலாம். நாங்கள் கிறிஸ்தவ வேதத்துக்கு வந்து தலைமுறைகள் ஆகிவிட்டன, அப்பா சபையில் உபதேசியாராக இருந்தவர். "நம்ம வீட்டுல எல்லாரும் ஞானஸ்நானம் வாங்கியாச்சு, சகுனம் ஒண்ணுதான் பாக்கி" என்று அண்ணன் அம்மாவைக் கேலி செய்வான்.

அம்மா அதற்குக் கோபப்பட மாட்டாள். பதிலும் சொல்ல மாட்டாள். அவளுடைய பதில் எங்கள் இருவருக்கும் தெரியும். நான் சிறுபிள்ளையாக இருந்தபோது அப்பா ஒரு நாள் குலசேகரத்துக்கு மேலே மலையடிவாரத்துச் சபை ஒன்றுக்கு ஆராதனை நடத்தக் கிளம்பினார். வாசலில் யாரோ ஒருவர், "எங்க உபதேசியாரே, பொறப்பட்டாச்சு?" என்று கேட்டிருக்கிறார். நேரமாகிவிட்ட எரிச்சலில் அப்பா, "மலைக்குத்தான், போறேன்" என்று சொல்லிவிட்டு இறங்கிவிட்டார். சில நாள் கழித்து மலைக்காய்ச்சலோடு அவரைக் கட்டிலில் வைத்துச் சுமந்து வந்தார்கள். வழியிலேயே சீவன் போய்விட்டது. அம்மா கர்த்தரைக் குறை சொல்லவில்லை. அந்தக் கேள்வியையும் அந்தப் பதிலையும்தான் குறை சொன்னாள். அதன் பிறகு "வாறேன்" என்ற சொல்லைக் காதால் கேட்காமல் அவள் யாரையும் படி இறங்க விட்டதில்லை.

மயிலாடிக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். விடிந்ததிலிருந்து கல் கொத்துகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். அதற்கு மேலே கத்திப் பேசிப் பழகியதாலோ என்னவோ, எனக்குத் தாழ்ந்த குரல் என்பதே கிடையாது. பொறுமையும் கிடையாது. "இவளக் கட்டிக்கிட்டுப் போறவனுக்கு மொளகா வாங்க வேண்டாம்" என்பான் அண்ணன். நான் நாகர்கோவிலில் மிஷன் போர்டிங்கில் தங்கிப் படித்து, வாத்திச்சி வேலைக்குப் பயிற்சியும் முடித்து, ஊர்ப் பள்ளிக்கூடத்தில் சேர்ந்த புதிது. வெள்ளைக்கார மிஸ்ஸியம்மாவிடம் நேரே படித்த இங்கிலீஷ் என்று தலைக்கனம் வேறு.

அண்ணனுக்கு நல்ல கையெழுத்து. கணக்கில் கெட்டிக்காரன். இங்கிலீஷ் புத்தகத்தைக் கொடுத்தால் எழுத்துக்கூட்டாமல் வாசிப்பான். ஆனால் வாயைத் திறந்து ஒரு வாக்கியம் பேசு என்றால் ஆள் கல்லாகிவிடுவான். அந்தச் சமயம் பார்த்துத்தான் சிலோனிலிருந்து ஆள் மூலம் சேதி வந்தது. மாமன் மகன், நான் அத்தான் என்று கூப்பிடுகிறவர், அங்கே ஒரு தேயிலைத் தோட்டத்தில் இருந்தார். அதே தோட்டத்தில் கணக்கப்பிள்ளை வேலை ஒன்று காலியாக இருக்கிறது, உடனே அனுப்பி வையுங்கள் என்றார். ஒரே நிபந்தனை, துரை கேட்கிற கேள்விக்கு இங்கிலீஷில் பதில் சொல்ல வேண்டும். துரை என்ன பெரிதாகக் கேட்டுவிடப் போகிறார்? எல்லாம் போக்குவரத்துக் கேள்விதான். எங்கே போகிறாய், எங்கே இருந்தாய், ஆட்கள் எந்த மலையில் நிற்கிறார்கள், நீ ஏன் ஸ்டோரில் இல்லை. தேயிலைத் தொழிற்சாலையை அங்கே ஸ்டோர் என்பார்களாம்.

வாத்திச்சி வீட்டிலேயே இருக்கும்போது வெளியே எதற்குத் தேட வேண்டும்? நானே ஆரம்பித்தேன். மிஸ்ஸியம்மா எங்களுக்குச் சொல்லித் தந்த முறையில் உட்கார்ந்து படிக்கிற வழக்கமே இல்லை. நடந்துகொண்டே சொல்ல வேண்டும். கதவை நோக்கி நடக்கும்போது கதவுக்குப் போகிறேன் என்று சொல்ல வேண்டும். கதவண்டை நின்றுகொண்டு கதவண்டை நிற்கிறேன் என்று சொல்ல வேண்டும். காலும் வாயும் சேர்ந்து போனால் பாஷை உடம்பில் ஏறிவிடும் என்பார் மிஸ்ஸியம்மா. அது உண்மைதான். உண்மையாக இல்லாமல் இருந்திருக்கலாம் என்று பிற்காலத்தில் பல தடவை நினைத்திருக்கிறேன்.

சாரல் பெய்கிற மாதம். நான் அடுக்களை வாசலில் நின்றுகொண்டு "வேர் ஆர் யூ கோயிங்?" என்று கத்துவேன். அண்ணன் கிணற்றை நோக்கி நடந்துகொண்டே "ஐ ஆம் கோயிங் டு தி வெல்" என்பான். கிணற்றங்கரையில் நின்று "ஐ ஆம் அட் தி வெல்" என்பான். "கிணத்துக்குள்ள விழுந்தா?" என்று கேட்பேன். "இன் தி வெல். கயிறு எடுத்திட்டு வாட்டி" என்பான். ஒரு நாள் ஆளைக் காணவில்லை. "வேர் ஆர் யூ?" என்று நான் முற்றம் முழுக்கத் தேடினால், பிலா மரத்தின் உச்சியிலிருந்து பதில் வந்தது. "ஐ ஆம் இன் தி ட்ரீ. மக்கா, வருக்கச் சக்க பழுத்திருக்குட்டி!" அவனுக்கு நாக்குக் கட்டு அவிழ்ந்தது அப்படித்தான்.

அம்மா ரெண்டு நாள் பொறுத்துப் பார்த்தாள். மூன்றாம் நாள் கையில் சிரட்டை அகப்பையோடு வெளியே வந்தாள்.

"என்னட்டி அவன்கிட்டக் கேட்டுக்கிட்டே இருக்கே?"

"எங்க போறன்னு கேக்கேன்."

"நாசமாப் போச்சு! கடல் தாண்டிப் போகப் பொறப்பட்டு நிக்கவன, நாள் முழுக்க எங்க போற எங்க போறன்னா கேக்கே? அதுக்கு இவன் என்ன சொல்லுகான்?"

"போறேன்னு சொல்லுகான்."

"போறேன்னு மட்டுமா? வாறேன்னு இல்லியா?"

"அம்மா, இது இங்கிலீஷு. சகுனத்துக்கு இங்கிலீஷ் தெரியாது."

"கர்த்தருக்குத் தெரியும்லா?" என்றாள் அம்மா.

அண்ணன் சிரித்த சிரிப்பில் சாய்ந்தே விழுந்துவிட்டான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பள்ளிக்கூடத்தில் என் வகுப்பில் குறுக்கே பேச யாருக்கும் தைரியம் கிடையாது. அம்மா விடவில்லை. வாறேன் என்பதற்கு அந்தப் பாஷையில் சொல் இல்லையா, சொல்லே இல்லாத பாஷை என்றால் அது என்ன எளவு பாஷை என்று பிடித்துக்கொண்டாள். இருக்கிறது என்றேன். "ஐ வில் கம் பேக்." அம்மா அதைத் திருப்பிச் சொல்லச் சொன்னாள். இன்னொரு தடவை சொல்லச் சொன்னாள். பிறகு தானே சொல்லிப் பார்த்தாள். "ஐ வில் கம் பேக். இதையும் சேத்துச் சொல்லச் சொல்லு. இல்லன்னா பாடமும் வேண்டாம், சிலோனும் வேண்டாம்."

அன்றிலிருந்து அதற்கு வால் என்று பெயர். எந்த வாக்கியமானாலும் வால் சேர்த்துத்தான் எங்கள் வீட்டில் முடியும். "ஐ ஆம் கோயிங் டு தி வெல் அண்ட் ஐ வில் கம் பேக்." அண்ணன் அதை ஒரு ராகத்தில் இழுத்துப் பாடுவான். எப்போதாவது மறந்துவிட்டால் அடுக்களையிலிருந்து "ஏலே, வாலு எங்கல?" என்று அதட்டல் வரும். துரைக்கு முன்னால் இப்படிச் சொன்னால் சிரிப்பார் என்று நான் தலையால் தண்ணீர் குடித்துப் பார்த்தேன். "சிரிக்கவன் சிரிக்கட்டு. எனக்கு எம்பிள்ள வரணும்" என்றாள். பேச்சு அதோடு முடிந்தது.

அவன் கிளம்பிய அன்று ரோட்டடியில் பஸ்ஸுக்காகக் காத்து நின்றோம். பஸ்ஸில் திருநெல்வேலி, அங்கிருந்து தூத்துக்குடி, பிறகு கப்பல். பஸ் வந்து நின்றதும் பெட்டியை மேலே ஏற்றிவிட்டு, படியில் ஒரு கால் வைத்துக்கொண்டு, ஆட்கள் எல்லாம் பார்க்க, அம்மாவைப் பார்த்து உரக்கச் சொன்னான். "ஐ ஆம் கோயிங் டு சிலோன் அண்ட் ஐ வில் கம் பேக்!" பஸ்ஸில் இருந்தவர்கள் யாரோ பெரிய உத்தியோகஸ்தன் என்று நினைத்து நகர்ந்து இடம் கொடுத்தார்கள். அம்மா பரீட்சையில் மார்க் போடுகிற மாதிரி தலையை ஆட்டினாள். பஸ் மறையும்வரை அவள் அழவில்லை. அழுதது நான்.

அடுத்த கிறிஸ்துமஸுக்கு அவன் வந்தான். ஆமாம், வந்தான். கொஞ்சம் கறுத்து, மீசை வைத்து, கம்பளிக் கோட்டுப் போட்டுக்கொண்டு வந்தான். அம்மாவுக்கு உப்புமாங்காய் போடுவதில் பேர் உண்டு. அண்ணனுக்குக் கஞ்சியும் அம்மா கையால் உப்பிலிட்ட மாங்காயும் இருந்தால் பிரியாணி வேண்டாம். மாங்காய் ஜாடியை, பரணி என்போம் நாங்கள், காலி செய்துகொண்டே தோட்டத்துக் கதையெல்லாம் சொன்னான்.

போன முதல் வாரம். காலையில் ஆட்களைப் பெயர் கூப்பிட்டு வேலைக்குப் பிரித்து அனுப்புகிற இடத்துக்குப் பெரட்டுக் களம் என்று பெயர். அங்கே துரை அண்ணனைப் பார்த்து எங்கே போகிறாய் என்று கேட்டிருக்கிறார். இவன் அட்டென்ஷனில் நின்று, "ஐ ஆம் கோயிங் டு தி ஸ்டோர் அண்ட் ஐ வில் கம் பேக், சார்!" என்று ராகத்தோடு இழுத்திருக்கிறான். துரை ஒரு நிமிஷம் முழித்துவிட்டு, "பின்னே, வராமல் அங்கேயே குடியிருந்துவிடப் போகிறாயா" என்று சொல்லிச் சிரித்தாராம். அதிலிருந்து தோட்டம் முழுக்க அவனுக்குப் பேர் கம்பேக் கணக்கப்பிள்ளை. தோட்டத்து ஆட்கள் குடியிருக்கும் லயத்துப் பிள்ளைகள்கூட அப்படித்தான் கூப்பிடுமாம்.

"விட்டுத் தொலைக்கலாம்லா அந்த வால?" என்று நான் கேட்டேன்.

"நாக்குல ஒட்டிக்கிச்சு மக்கா. நீ படிப்பிச்ச படிப்பு அப்படி."

அம்மா கண்ணில் நீர் வரச் சிரித்தாள். "பாத்தியாட்டி, சொன்னான், வந்தான்" என்றாள். எனக்கும் அந்த நேரத்தில் தாராள மனசு. போய்த் திரும்பி வந்தவனைச் சொல்ல இங்கிலீஷில் 'ஹாஸ் பீன்' என்று ஒரு விதம் உண்டு, போய் இன்னும் வராதவனைச் சொல்ல 'ஹாஸ் கான்' என்று வேறு விதம் உண்டு, அண்ணன் இப்போது முதல் ரகம் என்று விளக்கினேன். "மத்தத எனக்குச் சொல்லித் தராத. அது எனக்கு வேண்டாம்" என்று அம்மா கையை வீசிவிட்டாள். பொங்கல் முடிந்து அவன் திரும்பிப் போனபோதும் வாலைச் சொல்லித்தான் பஸ் ஏறினான்.

அதற்கடுத்த மாங்காய்க் காலம். ஒரு மத்தியானம் அம்மா முற்றத்தில் உட்கார்ந்து மாங்காயைத் துடைத்துத் துடைத்துப் பரணியில் அடுக்கிக்கொண்டிருந்தாள். நான் உப்புப் போட்டுக்கொண்டிருந்தேன். அத்தான் படலைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தார். பின்னால் சுமட்டுக்காரன் தலையில் ஒரு தகரப்பெட்டி. அண்ணனுடைய பெட்டி. அதன் மேல் அவன் பெயரை நான்தான் வெள்ளைப் பெயிண்டில் எழுதியிருந்தேன்.

"அவன் எங்க?" என்று அம்மா கேட்டாள்.

எத்தனை பிள்ளைகளுக்கு நான் அந்தக் கேள்வியைச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். கிணற்றண்டை, வீட்டுக்குள், மரத்தின் மேல் என்று எத்தனை பதில்.  அத்தான் முற்றத்து மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டார். எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. உப்புக் கையைக் கண்ணில் வைத்துவிட்டேன், எரிச்சல் தாங்க முடியவில்லை, அந்த எரிச்சல்கூட இன்னும் நினைவிருக்கிறது.

விஷக்காய்ச்சல், தோட்டம் முழுக்கப் பரவிவிட்டது, நிறைய உயிர் போய்விட்டது என்று அவர் மெல்ல மெல்லச் சொன்னார். சவத்தை வைத்துக்கொண்டிருக்க வழியில்லை. அங்கேயே மலைச்சரிவில் அடக்கம் செய்துவிட்டார்கள். துரையும் வந்து நின்றாராம். அம்மா நெஞ்சில் அடித்துக்கொள்ளவில்லை. மாங்காயைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டாள்.

"வீட்டவிட்டுப் பொறப்படும்ப என்ன சொன்னான்?"

அத்தானுக்கு எங்கள் வீட்டுக் கதை பாதிதான் தெரியும். ஆறுதலாக இருக்கும் என்று நினைத்துச் சொன்னார். பாவம், அவர் என்ன செய்வார்.

"ஆசுபத்திரிக்குக் கொண்டு போகக் கட்டில்ல வெச்சித் தூக்கினோம் அத்தே. ஆளு அரை மயக்கம். பேச்சுக் குடுக்கணும்னு நான் சும்மா, 'வேர் ஆர் யூ கோயிங், கம்பேக் கணக்கப்பிள்ளே?'ன்னு கேட்டேன். கண்ணத் தொறந்தான். 'ஐ ஆம் கோயிங் டு தி ஹாஸ்பிட்டல் அண்ட் ஐ வில் கம் பேக்'னான். அதே ராகத்துல. நாங்க எல்லாரும் சிரிச்சிட்டோம் அத்தே. இவனுக்கு ஒண்ணும் ஆகாதுன்னு நெனச்சி, சிரிச்சிட்டே தூக்கிட்டுப் போனோம்." துண்டில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதார். ஆண்பிள்ளை அப்படி அழுது நான் பார்த்ததில்லை.

"வாலச் சொன்னானா?" என்று அம்மா கேட்டாள்.

"சொன்னான் அத்தே."

"அப்பம் வருவான்" என்று சொல்லிவிட்டு, கையிலிருந்த மாங்காயைத் துடைத்துப் பரணியில் வைத்தாள்.

மலைத்துப்போய் அப்படிச் சொல்லுகிறாள், ரெண்டு நாளில் தெளிந்துவிடும் என்று எல்லாரும் நினைத்தோம். தெளியவில்லை. சபை ஐயர், எங்கள் போதகர், துக்க ஜெபம் நடத்த வீட்டுக்கு வந்தார். அம்மா வாசலை மறித்து நின்றாள். மரியாதையாகத்தான் பேசினாள். "ஐயரே, வாறேன்னு சொல்லிட்டுப் போனவனுக்கு நாம ஜெபத்தப் பண்ணி முடிச்சிட்டா, அவன் சொன்ன சொல்லு பொய்யாப் போயிராதா?" ஐயர் வேதபுத்தகத்தை மூடிக்கொண்டு போய்விட்டார். அந்த ஜெபம் எங்கள் வீட்டில் நடக்கவே இல்லை. பெட்டியை அம்மா அவன் கட்டிலுக்கு அடியில் தள்ளி வைத்தாள். வந்து அவன் கையால் திறக்கட்டும் என்றாள்.

பெற்ற மனம் பித்து என்று ஊரார் சுலபமாகச் சொல்லிவிட்டுப் போனார்கள். அந்த வீட்டில் நான் அல்லவா இருந்தேன்! எனக்கு அழ இடமில்லை. முகம் கொஞ்சம் வாடினால் போதும், "இப்பம் யாருக்கு என்ன ஆச்சுன்னு இழுத்து வெச்சிருக்கே மூஞ்சிய?" என்று அம்மா எரிந்து விழுவாள். என் அண்ணனுக்காக நான் பள்ளிக்கூடத்து விறகுப்புரையில் போய் நின்று அழுதேன். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு வகுப்புக்கு வந்து, "ஐ ஆம் கோயிங் டு தி டோர்" என்று பிள்ளைகளை நடக்கவிட்டேன். போனவன் வந்தான், போனவன் வரவில்லை என்று ரெண்டு விதமாகச் சொல்லும் அந்தப் பாடம் வருஷா வருஷம் வரும். புத்தகத்தில் அண்ணன் என்று எழுதியிருக்கும் இடத்தில் தபால்காரர் என்று மாற்றிச் சொல்லிக் கொடுப்பேன். யாரும் ஏன் என்று கேட்டதில்லை.

ஒவ்வொரு மாங்காய்க் காலத்திலும் அம்மா அந்தப் பரணி நிறைய உப்புமாங்காய் போடுவாள். அதில் கை வைக்க எனக்கு உத்தரவு இல்லை. எனக்கென்று தனிச் சட்டி. அடுத்த வருஷம் புது மாங்காய் வந்ததும் பழையதைத் தென்னை மூட்டில் கொட்டிவிட்டு மறுபடி நிரப்புவாள். ஒரு வருஷம் என்னால் பொறுக்க முடியவில்லை. அவள் கொட்டிக்கொண்டிருக்கும்போதே பின்னால் போய் நின்று கத்தினேன். "அவன் செத்துட்டாம்மா! வரமாட்டான்! ஊரெல்லாம் அழுதாச்சு, நீயும் நானும்தான் அழாம இருக்கோம்!" அம்மா பரணியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். கோபமே இல்லாமல் கேட்டாள்.

"நீதானட்டி அவனுக்குச் சொல்லிக் குடுத்தே. பொய்யாவா சொல்லிக் குடுத்தே?"

 வாய்க்காரி என்று பேர் எடுத்தவள் நான். என் சட்டிக்கு உப்பு எடுக்கிற சாக்கில் உள்ளே போய்விட்டேன். அதற்குப் பிறகு அதைப்பற்றி நாங்கள் பேசிக்கொள்ளவில்லை.

அம்மா படுக்கையில் விழுந்தது ஒரு கார்த்திகை மாதத்தில். நோய் என்று பெரிதாக ஒன்றும் சொல்லவில்லை வைத்தியர். உடம்பு ஓய்ந்துவிட்டது என்றார். கஞ்சித் தண்ணீர்தான் உள்ளே இறங்கியது. பகலில் பக்கத்து வீட்டு அக்கா வந்து பார்த்துக்கொள்வாள், நான் பள்ளிக்கூடம் விட்டதும் ஓடி வந்துவிடுவேன். ஒரு காலை, கஞ்சியைக் கொண்டுபோய் வைத்தபோது, "தொட்டுக்க மாங்காய் எடு" என்றாள். என் சட்டியிலிருந்து எடுத்துக்கொண்டு வந்தேன். "இது இல்ல. அந்தப் பரணியில உள்ளத எடு."

"அண்ணனுக்குள்ளதா?"

"அதுதான். தொற."

நான் பரணியின் வாய்க்கட்டை அவிழ்த்தேன்.  ஒரு மாங்காயை எடுத்துப் பிய்த்து அவள் வாயில் வைத்தேன். மெல்ல முடியவில்லை, சப்பினாள். "நல்லா ஊறியிருக்கு. நீயும் தின்னு" என்றாள். தின்றேன். அவன் போனதற்குப் பிறகு அம்மா போட்ட அந்த மாங்காயை அன்றுதான் முதலில் ருசி பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தது. அவனுக்குப் பிடித்திருக்கும்.

பக்கத்து வீட்டு அக்கா வந்ததும் குடையை எடுத்துக்கொண்டு, "பள்ளிக்கூடம் போயிட்டு வாறேன்மா" என்றேன்.

"போயிட்டு வா."

நடையைத் தாண்டி ஒரு கால் வெளியே வைத்தேன். "ஏட்டி" என்று கூப்பிட்டாள். கிளம்பியவரைப் பின்னால் கூப்பிடுவது எங்கள் வீட்டில் நடவாத காரியம். அம்மா அதுவரை அதைச் செய்ததே இல்லை. நான் திரும்பிப் பார்த்தேன்.

"நான் போறேன் மக்கா."

வால் வரும் என்று குடையைப் பிடித்துக்கொண்டே நின்றேன். வரவில்லை. அவள் கூரையைப் பார்த்தபடி கிடந்தாள். 

"அம்மா, மிச்சத்தையும் சொல்லு" என்றேன்.

"மிச்சம் இல்லட்டி. அவன் வரல்லியே. நாந்தான் போணும்."